துண்டு இல்லாத படகு

கைபேசியில் கணவன் ரமேஸின் பெயர் வந்து அடித்தபோது துவாரகா அதை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. படகு கரையை விட்டுக் கிளம்பும்போது அவன் ஒரு தடவை அடித்துவிட்டு வைத்துவிடுவான்; திரும்பி வந்து மணலில் கால் வைத்ததும் இன்னொரு தடவை. முதலாவது விடிந்த கையோடு வந்திருந்தது. இது இரண்டாவது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடித்துத்தான் ஓய்ந்தது. கடலில் போய்வந்த பதற்றத்தில் மனிதனுக்குக் கைபேசியை வைக்கவும் மறந்துவிட்டது போலும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு, எல்ல என்ற மலையூரில் விருந்தாளிகளின் பைகளை வைத்திருந்த விடுதிக்கு, டைவிங் முடிந்துவிட்டது, எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று செய்தி அனுப்பினாள்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, வீரசிங்கம் முதலாளியின் பாத்திரக்கடை மாடியில் அவளுக்கு ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் உண்டு. அங்கே உட்கார்ந்துதான் அவள் கடலுக்கு ஆள் அனுப்பினாள். எல்லவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மலையும் பாலமும் ரயிலும் பார்த்து முடிந்ததும் கடலடியைப் பார்க்கும் ஆசை வந்துவிடும். திருகோணமலைக்கு வடக்கே, கடலுக்குள் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பவளப்பாறை, ஆமை, ஆளைக் கண்டு ஒதுங்கிப் போகிற சின்னச் சுறாக்கள். அங்கே முங்கப் போகிறவர்களுக்குப் படகும் காற்று சிலிண்டரும் கரை வரை ஏற்றிப்போக வானும் பேசி முடித்துக் கொடுப்பது துவாரகாவின் தொழில். எத்தனை தடவை முங்கியிருக்கிறீர்கள், சான்றிதழ் இருக்கிறதா, பாத அளவென்ன, எடையென்ன, காதில் கோளாறு உண்டா என்று எல்லாம் கேட்டுப் படகுக்காரர் ஜவாஹிருக்குச் சொல்லுவாள். ஜவாஹிர் நானாவை அவள் நேரில் பார்த்ததில்லை. இரண்டு பருவங்களாக அவர் அவளுக்கு ஒரு குரல் மட்டுமே. கடலையும் ஒரே ஒரு தடவை, கணுக்கால் அளவுக்குத்தான் தெரியும்.

"நமுனுகுலையில பொறந்த புள்ள பதுளையில ஒக்காந்துகிட்டு கடல் விக்குது," என்பார் வீரசிங்கம் முதலாளி, மாடிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும். "நாளைக்கு ஒரு மட்டக்களப்புக்காரன் வந்து எனக்குத் தேயிலைக் கொழுந்து விப்பான், பாருங்க."

அவளும் சிரிப்பாள். அந்தக் கேலியில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அழைப்பை எடுக்காமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே கைவந்த பழக்கம். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த வருஷங்களில், தோட்டத்து லய வரிசையில் அவர்களுக்கும் பக்கத்து அறையான காம்பராக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைபேசி. வெள்ளிக்கிழமை அது அடிக்கும். ஒரு தடவை அடித்து நின்றால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். எல்லோரும் அதைச் சுற்றி நின்று, அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு, நின்றதும் கலைந்துபோவார்கள். குரல் கேட்க ஆசைப்பட்டு ஒரு நாள் துவாரகா எடுத்துவிட்டாள். அம்மா "ஏன்டி எடுத்த" என்று அழுதாள். அவ்வளவுதான் கேட்டது, தொடர்பு போய்விட்டது. அதன் பிறகு அவள் எடுத்ததேயில்லை. கல்யாணமான பிறகு ரமேஸும் அவளும் இதையே கடைப்பிடித்தார்கள். அவன் வான் ஓட்டிக்கொண்டு ஹல்துமுல்லை இறக்கத்தைத் தாண்டினால் ஒன்று, கொழும்பு போய்ச் சேர்ந்தால் ஒன்று. பேச அவர்களுக்குள் அவ்வளவு இருந்ததில்லை என்பதும் உண்மைதான்.

மத்தியானம் கடந்து றஷீனா பேசினாள். ஜவாஹிர் நானாவின் மனைவி. இதற்கு முன் இரண்டொரு முறை, அவர் கடலில் இருக்கும்போது, கணக்காகப் பேசிவிட்டு வைத்திருக்கிறாள். இன்று குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"தங்கச்சி, என்ட அவரு இன்னம் கரைக்கு வரல்ல. ளுஹரும் தொழுது முடிஞ்சி. உங்கட மாப்பிள்ளை ஏதும் பேசினாரா?"

"பேசினாருக்கா. காலையிலேயே வந்துட்டாங்களே," என்றாள் துவாரகா. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள் றஷீனா. அப்படியென்றால் பூங்காக்காரர் கண்ணில் படாமல் வேறெங்கோ படகை ஏற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் குறையட்டும் என்று இருக்கிறார்கள் போல என்று தானாகவே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டாள். அவர் அப்படிச் செய்யக்கூடிய மனிதர்தானாம். வைக்கும்போது மட்டும் சொன்னாள், யாரும் கேட்டால் எதையும் சொல்லிவிட வேண்டாம், தங்கச்சி. அவர் ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டவர். இன்னொரு தடவை என்றால் படகே போய்விடும்.

கைபேசியை வைத்த பிறகுதான் துவாரகாவுக்கு, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போன ரமேஸின் வான் நினைவுக்கு வந்தது. அது றஷீனாவின் வீட்டு வளவில் நிற்கிறது. கரைக்கு வந்திருந்தால் முதல் வேலையாக அவன் வானுக்குத்தான் போயிருப்பான். ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். அவனுக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவுக்குரல் மூன்று மொழிகளில் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே குரல்.

அந்தப் படகு பூங்காவின் எந்தக் கணக்கிலும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான்.

பூங்காவுக்குள் போகிற ஒவ்வொரு படகும் கரையிலுள்ள கவுண்டரில் துண்டு எடுக்க வேண்டும். எத்தனை பேர், எப்போது போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று எழுதிக்கொண்டு துண்டு கொடுப்பார்கள். வரவில்லை என்றால் தேடுவார்கள். பவளத்துக்குச் சேதம் வராதிருக்க ஒரு நாளைக்கு இத்தனை படகு என்ற அளவும் உண்டு. பௌத்தர்களின் பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. ஊர்ச் சனமெல்லாம் அங்கே குவிந்திருந்ததால் துண்டு முடிந்துவிட்டது என்று ஜவாஹிர் நானா முந்தின நாளே சொல்லிவிட்டார். நாளை மறுநாள் பார்ப்போம் என்றார். விருந்தாளிகள் மூன்று பேர், நெதர்லாந்துக்காரர்கள். அந்த நாளை மறுநாள் இரவே அவர்களுக்கு விமானம். எங்கள் பயணத்துக்கே இதுதான் காரணம், முடியாது என்றால் இணையத்தில் உங்கள் பக்கத்தில் அப்படியே எழுதிவிட்டுப் போகிறோம் என்று அவர்களில் ஒருத்தி மரியாதையாகத்தான் சொன்னாள். 'முடியாது' என்ற சொல்லைத் துவாரகா தன் தொழிலில் யாருக்கும் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து தோட்டத்து ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு மற்றவர்கள் சொன்ன சொல் அது. அதைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று ஒரு வீம்பு. ஜவாஹிர் நானாவிடம் கெஞ்சினாள், பிறகு நச்சரித்தாள். கவுண்டர் திறக்கும் முன்னே, களப்பு கடலில் சேரும் வாய்ப் பக்கமாகப் போய், பூங்காவிலுள்ள தீவின் பின்புறத்துப் பாறையில் முங்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வந்துவிடலாமே என்று யோசனை சொன்னவளும் அவள்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஜவாஹிர் நானாவுடன் வழக்கமாகப் போகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். முங்கியவர்கள் கீழே இருக்கும்போது மேலே வருகிற காற்றுக்குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அது இல்லாமல் போகமாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துவாரகா ரமேஸுக்கு அழைத்தாள்.

எனக்கு அந்தத் தண்ணியைப் பார்க்கவே பயம் என்றான் அவன். நீச்சல் தெரியாது என்றான். தோட்டத்துக் குளத்தில் பெரியப்பா மகன் செத்துப்போன கதையை, அவளுக்குத் தெரிந்த கதையை, மறுபடி தொடங்கினான். அவள் முடிக்கவிடவில்லை.

"ஒக்காந்து குமிழிய பாக்கத்தானே சொல்றாங்க? அதுக்குமா நான் வரணும்? அப்ப நீங்க சேலையைக் கட்டிக்கிட்டு இங்க வந்து ஒக்காருங்க."

"சரி," என்றான் அவன்.

எப்போதும் அப்படித்தான் சொல்வான். அந்தச் 'சரி'க்காகத்தான் அவள் அவனைக் கட்டினாள்; மற்ற ஆண்களைப் போலச் சத்தம் போடாத ஒருவன். அந்தச் 'சரி'க்காகவே சில நாட்களில் அவனை மனதுக்குள் இளக்காரமாகவும் நினைத்திருக்கிறாள். இப்போது மேசை முன்னே நின்றுகொண்டு, இரண்டையும் ஒரே மனசில் எப்படி வைத்திருந்தேன் என்று தன்னையே பார்த்துக் கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நமுனுகுலை மலையின் உச்சி வரைக்கும் ஒரு பொட்டு மேகம் இல்லை. காலையில் அதைப் பார்த்துத்தான் ஜவாஹிர் நானாவுக்கு நாள் நல்லா இருக்கு என்று தைரியம் சொல்லியிருந்தாள். மலையில் வளர்ந்தவர்களுக்குக் கெட்ட நாள் என்றால் மழை. மழை இல்லாவிட்டால் அது நல்ல நாள். காற்று மட்டும் இருந்தது. இந்த மாதங்களில் மேற்கிலிருந்து கணவாய்களைத் தாண்டி இறங்கி வருகிற உலர்ந்த காற்று. பஸ் நிலையத்தின் மேல் கட்டியிருந்த பொசன் பந்தல் துணிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அது துணி காயப்போட நல்ல காற்று என்பதற்கு மேல் அவளுக்கு எப்போதும் எதுவும் தோன்றியதில்லை.

அவளே றஷீனாவுக்கு அழைத்தாள். அங்கே காற்று எப்படி என்று கேட்டாள்.

கச்சான் காற்றுதான் என்றாள் றஷீனா. கரையில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அது தரையிலிருந்து அடிக்கிற காற்று. எஞ்சின் நின்ற படகு கிடைத்தால் சத்தமில்லாமல் வெளியே, வெளியே என்று கொண்டுபோய்விடும். அவள் இதைப் பதற்றமில்லாமல்தான் சொன்னாள். சமையல் குறிப்புச் சொல்வதைப் போல. "அதான் எனக்கு மனசு ஒரு மாதிரி இரிந்திச்சி. நல்ல வேளை, நீங்க அவங்க வந்துட்டாங்க எண்டு சொன்னீங்க."

துவாரகா வாயைத் திறந்தாள். இல்லை அக்கா, அவர் பேசவில்லை, அடித்தது, நான் எடுக்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அது வெளியே வரவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

பிறகு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒவ்வொன்றாகக் காரணம் தேடினாள். றஷீனாவைப் பயமுறுத்த வேண்டாமே. எனக்கே இன்னும் நிச்சயமில்லையே. வேறு கரையில் இறங்கியிருந்தால் நான் வாயைத் திறந்து ஒரு குடும்பத்தின் படகைத் தொலைத்தவள் ஆவேனே. எல்லாமே கேட்க நன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததை அவள் தொட்டுப் பார்க்கப் பயந்தாள். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். சொல்லாத வரைக்கும் அந்த அழைப்பு கரையிலிருந்தே வந்தது. அவன் மணலில் நின்றுகொண்டு, கால்சட்டை நனைந்து, அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டு அடித்தது. அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க விரும்பினாள். அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று அவள் பார்க்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரில் ஏறியது.

வீரசிங்கம் முதலாளி மாடிக்கு வந்தார். பிளேன்டீ கொண்டுவந்திருந்தார்; அவள் முகத்தைப் பார்த்ததும் அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவருக்கு அந்தப் படகில் யாரும் இல்லை.

அவர் நிதானமான மனிதர். மூன்று தலைமுறையாகப் பதுளையில் கடை வைத்திருக்கிற குடும்பம்; இரண்டு கலவரங்களில் கடை எரிந்து மறுபடி கட்டியவர்கள். எதிலும் முந்திக்கொள்ளாமல் இருந்ததால்தான் மிஞ்சினோம் என்று சொல்பவர். கொஞ்ச நேரம் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை பொறுத்துப் பார், கடலில் போனவனுக்குத் திரும்பி வரத் தெரியும் என்றார்.

"நீயா போயி ஒன் பேர எதிலயும் போட்டுக்காதம்மா. வெளிநாட்டு ஆளுங்க வேற. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மொத கேள்வி ஒன்கிட்டதான் கேப்பாங்க. யாரு அனுப்புனதுன்னு."

"நான்தானே மொதலாளி அனுப்புனேன்."

"அது ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னும் ஒரு நிமிஷம் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் தான் ஒத்துக்கொண்டுவிடுவோம் என்று தெரிந்தது. ரமேஸின் பெயரையும் சேர்த்து ஒத்துக்கொண்டுவிடுவாள். அவனே கேட்டால்கூட, சரி என்றுதானே சொல்வான்.

கைபேசியை எடுத்து, வந்த அழைப்புகளைத் திறந்து பார்த்தாள். ரமேஸின் பெயர். அது முழுதாக அடித்து ஓய்ந்த அழைப்பு. வெட்டிவிடப்பட்டதல்ல. அவன் வெட்டவேயில்லை. அவள் எடுக்க வேண்டும் என்று அந்த முனையில் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு, சிரித்திருக்கிறாள்.

றஷீனாவுக்கு அழைத்தாள்.

"அக்கா, அவர் எங்கிட்ட பேசல. அடிச்சுச்சு, நான் எடுக்கல. கரைக்கு வந்தா அடிப்பாரு, நான் எடுக்கமாட்டேன், அப்புடித்தான் எங்க பழக்கம். வந்துட்டாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்தியது.

"எப்ப அடிச்சது?" என்றாள் றஷீனா.

"காலையில. வெயில் ஏறின பொறகு."

"அப்ப நான் உங்களுக்குக் கோல் எடுக்கக்குள்ளயே அவங்க வெளிய போயிட்டாங்க."

"ஆமாக்கா."

"நான் கேட்டேனே தங்கச்சி. ரெண்டு தரம் பேசினோமே."

துவாரகா அழவில்லை. அழுவது தனக்குக் கிடைக்கக்கூடாத ஒரு சலுகை போலத் தோன்றியது. நேவிக்குச் சொல்லப்போகிறேன் என்றாள். துண்டு எடுக்காமல் போனதையும் சொல்லாமல் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் படகு போய்விடும், அக்கா, ஆனாலும் சொல்லப்போகிறேன் என்றாள். தடுக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். றஷீனா சத்தம் போட்டால், சபித்தால், அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"உங்களுக்கு என்ன தெரியும், எங்க இறங்கினாங்க எண்டு?" என்றாள் றஷீனா. "ஃபோனை வைக்காதீங்க. நான் சொல்றன். நீங்க சிங்களத்துல சொல்லுங்க. எனக்கு அந்தளவு வராது."

முதலாளி தன் கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். துவாரகா அதில் அவசர இலக்கத்தை அழுத்தினாள். இரண்டு மூன்று பேர் கைமாறி, கடைசியில் கடற்படை முகாமில் ஓர் அதிகாரி கிடைத்தார். ஒரு காதில் அவர், மறு காதில் றஷீனா. படகின் நிறம் என்ன என்று அவர் கேட்டார். இரண்டு பருவங்களாக அவள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த படகின் நிறம் அவளுக்குத் தெரியவில்லை. றஷீனா சொன்னாள்: அடி வெள்ளை, மேல் விளிம்பு பச்சை, முன்பக்கத்தில் மகள் பெயர். எஞ்சின் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, எந்தக் களப்பு வாயிலிருந்து, தீவின் எந்தப் பக்கம். ஒவ்வொன்றையும் றஷீனா தமிழில் சொல்லச் சொல்ல துவாரகா சிங்களத்தில் சொன்னாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதுளைச் சந்தை கற்றுக்கொடுத்த சிங்களம், ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எத்தனை பேருக்கு மிதப்பு அங்கி உண்டு என்று அதிகாரி கேட்டார். நாலு என்றாள் றஷீனா. படகில் இருப்பது ஐந்து பேர். துவாரகா அதையும் அப்படியே சொன்னாள். நீந்தத் தெரியாதவர்கள் யாராவது என்றார்.

"ஒருவர்," என்றாள். "என் கணவர்."

பூங்காத் துண்டின் இலக்கத்தைக் கேட்டார். துண்டு இல்லை, எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது நான், படகுக்காரர் மாட்டேன் என்றவர், நான்தான் வற்புறுத்தினேன் என்று தன் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்காமலே கொடுத்தாள். றஷீனாவுக்கு அந்தச் சிங்களம் புரிந்ததா என்று தெரியவில்லை.

கடைசியாக அவர் கேட்டார், காலையிலேயே வரவேண்டிய படகைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று. அவள் படகு கிளம்பிய இடத்தை மறுபடி ஒரு தடவை சொன்னாள்.

அதன் பிறகு செய்ய எதுவும் இருக்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. றஷீனா கடற்கரைக்கு ஓடியிருப்பாள். நின்று பார்க்க அவளுக்கு ஒரு கடலாவது இருந்தது. துவாரகாவுக்கு இருந்தது எதிர்ப்பக்கத்து நகைக்கடைப் பலகையும், மஹியங்கனை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவனின் குரலும். வெலிமடையிலிருந்து வந்த லொறியிலிருந்து லீக்ஸ் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இன்னும் அடித்தது. பந்தல் துணி ஒன்று பிய்ந்து பறந்து, பஸ் கூரைகளைத் தாண்டிக் கிழக்கே போயிற்று. இந்தத் தெருவைக் கடந்து போகிற இதே காற்றுதான் இன்னும் சில மணி நேரத்தில் அந்தப் படகின் மேல் போய் விழும் என்று நினைத்தாள். எழுந்து ஜன்னலை அடைத்தாள். தான் செய்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உடனேயே தெரிந்தது. திறக்கவும் இல்லை.

கதிர்காமத்தானே என்று வாய் முனகியது. என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அவனைக் காப்பாற்று என்று கேட்க வேண்டும். ஆனால் மனது அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது: நான் எடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அப்படி ஒரு வேண்டுதல் தன்னிடமிருந்து வந்ததைக் கண்டு அவள் அருவருத்துப் போனாள். சாகக்கிடக்கிற புருஷனிடமிருந்துகூட நல்ல பெயரை எதிர்பார்க்கிற ஒருத்தியோடு இத்தனை காலம் ஒரே உடம்பில் இருந்திருக்கிறாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது முதலாளியின் கைபேசி அடித்தது. முதல் சத்தம் முடியும் முன் எடுத்தாள். அதே அதிகாரி. வெகு தூரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எஞ்சின் எரிந்துபோன படகு. வேறு பக்கத்துக்குப் போகவிருந்த ஒரு கடற்படைக் கலத்தை இவள் சொன்ன இடத்தை வைத்துத் திருப்பினார்களாம். இன்னும் இருட்டியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

"ஐந்து பேருமா?" என்று கேட்டாள்.

ஐந்து பேரும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி மேலும் பேசிக்கொண்டிருந்தார். படகு தடுத்து வைக்கப்படும், படகுக்காரர் மீது வழக்கு, நீங்களும் வாக்குமூலத்துக்கு முகாமுக்கு வர வேண்டும். சரி, சரி என்றாள். இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் அவரே மறுபடி அழைத்து, கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்லி, கைபேசியை ரமேஸிடம் கொடுத்தார்.

அவன் குரல் கிழிந்துபோய் இருந்தது. முதலில் தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது.

"நீ பாத்திருப்பேன்னு எனக்குத் தெரியும்," என்றான். "ஒரே ஒருவாட்டிதான் சிக்னல் வந்துச்சு. அடிச்சேன். அப்புறம் ஃபோன் தண்ணியில போயிருச்சு. அந்த வெள்ளக்காரப் பொம்பள அழுதுகிட்டே இருந்தா. ஜவாஹிர் நானா சாவு வந்திருச்சுன்னு கலிமா சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. நான்தான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேன், எம் பொஞ்சாதி பாத்திருப்பா, ஆளு அனுப்பியிருப்பா, இந்தா வந்துருவாங்கன்னு. நாள் பூரா அதத்தான் சொன்னேன்."

ஆமாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் அதை எடுத்துக்கொள்வான். சாகும்வரை ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

"நான் பாத்தேங்க," என்றாள். "நீங்க கரைக்கு வந்துட்டீங்கன்னு நெனச்சிட்டேன். அப்புறம் அப்புடி இல்லன்னு தெரிஞ்ச பொறகும் கொஞ்ச நேரம் யாருகிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். பயமா இருந்துச்சு."

அவளுக்குப் பழக்கமான அந்தச் 'சரி'கூட அவனிடமிருந்து வரவில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு பெண் ஆங்கிலத்தில் போர்வை கேட்டாள்.

"இங்க ஐயா ஃபோன கேக்குறாரு," என்றான். கொடுத்துவிட்டான்.

அவள் அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். ரமேஸுக்கு ஒரு சட்டையும் சாரமும் வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் எடுத்துவர நேரமில்லை, கீழே பக்கத்துக் கடையில் வாங்கலாம். படியில் இறங்கும்போது றஷீனாவின் அழைப்பு வந்தது. பேசலாமா என்ற கேள்வியே இல்லாமல் எடுத்தாள்.

அவரைக் கண்டுவிட்டேன் என்றாள் றஷீனா. உதடெல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது. என்னைப் பார்த்து முதலில் கேட்டது படகைத்தான். அவளுடைய குரலில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. எல்லாம் செலவாகிவிட்ட குரல்.

"நாளைக்கு வந்து, நான்தான் போகச் சொன்னேன்னு எழுதிக் குடுக்குறேன் அக்கா," என்றாள் துவாரகா. "அவர் மேல குத்தம் வராம சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லத்தான் வேணும்," என்றாள் றஷீனா. "ஆனா என்ட ஊட்டுக்கு வராதீங்க தங்கச்சி. எனக்கு இப்ப உங்கட முகத்தைப் பாக்க ஏலாது."

"சரிக்கா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தாள். வைக்கவில்லை. கடலோ காற்றோ, இரைந்துகொண்டிருந்தது.

"கேம்புக்கு வாறதெண்டா பஸ்ஸில பள்ளிவாசலடியில இறங்குங்க," என்றாள் றஷீனா. "அதுக்கு முந்தின ஹோல்ட்டில இறங்கினா முழுக்க மணல். உங்களுக்கு நடந்து பழக்கமில்ல."